புகுந்தது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு: அணுக்கரு மோதல்களில் தாரைகளை அளத்தல்

(கீரிமலையில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வலிகாமத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கதை தெரிந்திருக்கும். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்தது என்பார்கள். அது நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் அது ஓர் அளவீட்டைப் பற்றிய கதை என்பதைக் கவனிக்க வேண்டும். சுண்ணக்கல்லின் அடியில் எவரும் இறங்கிப் பார்க்க முடியாத ஒரு வழி இருக்கிறதா என்று அறிய, ஒரு பொருளை ஓரிடத்தில் இட்டு இன்னோரிடத்தில் அது வெளிவருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். முறையில் பிழையில்லை. நிலத்தடி நீரை ஆராய்வோர் சாயத்தைக் கரைத்து இதையே இன்றும் செய்கிறார்கள். இருந்தாலும் கதையை நம்புவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். மிதந்தது அதே தேசிக்காய்தானா? பிதிர்க்கடன் கழிக்க ஆயிரம் பேர் வந்துபோகும் கேணியில் வேறொருவர் போட்டதாக இருக்கக்கூடாதா? எத்தனை போட்டார்கள், எத்தனை வந்தன? வராதவை வழியில் அகப்பட்டனவா, அல்லது முதலிலேயே குறைவாகப் போடப்பட்டனவா? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்விகளைப் பற்றியதுதான். கேட்கப்படும் இடம் மட்டும் வேறு: ஒளிக்கு அண்மித்த வேகத்தில் ஓடும் பார அணுக்கருக்கள் ஒன்றோடொன்று மோதும் இடம்.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே. இந்த மோதல்களில் பிறக்கும் துணிக்கைத் தாரைகள் தம் வழியில் சக்தியை இழக்கின்றன என்று பௌதிகவியலாளர் சொல்கிறார்கள். அந்தக் கூற்றின் வலிமை, காணப்பட்ட விளைவு எவ்வளவு பெரியது என்பதில் இல்லை. அதற்கு வேறு விளக்கம் இருக்கலாம் என்று கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி அளவீட்டால் விடை தேடியதில் இருக்கிறது. எங்கே விடை கிடைத்தது, எங்கே இன்னும் கிடைக்கவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதலில் அளக்கப்படும் பொருள். புரோத்தன்களும் நியூத்திரன்களும் குவார்க்குகளாலும் அவற்றைப் பிணைக்கும் குளுவோன்களாலும் ஆனவை. குவார்க்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. அது எப்போதும் கூட்டாகவே கட்டுண்டு கிடக்கும். ஆனால் வெப்பநிலை ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி பாகையைத் தாண்டினால் அந்தக் கட்டுத் தளர்ந்துவிடும் என்று கணிப்புகள் காட்டுகின்றன. சூரியனின் மையத்தைவிட இது ஓர் இலட்சம் மடங்குக்கும் மேல் சூடானது. அந்த நிலையில் உள்ள சடப்பொருளைக் குவார்க்கு-குளுவோன் பிளாஸ்மா என்கிறோம். பிரபஞ்சம் தோன்றிய முதல் சில மைக்ரோ செக்கன்களில் அது எங்கும் நிறைந்திருந்தது. இன்று அதை உண்டாக்க ஒரே வழி, பொன், ஈயம் போன்றவற்றின் அணுக்கருக்களை முட்டவிடுவதுதான். நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் 3.8 கிலோமீற்றர் சுற்றளவுள்ள மோதற்பொறி 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஜெனீவாவுக்கு அருகே சேர்ண் நிறுவனத்தின் 27 கிலோமீற்றர் பொறியில் ஈய அணுக்கருக்கள் முதன்முறையாக 2010 நவம்பரில் மோதவிடப்பட்டன. ஒரு செக்கனைக் கோடி கோடி கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கையும் நூறாகப் பகுத்து, மூன்றை எடுத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அந்தப் பிளாஸ்மாவின் ஆயுள். அதற்குள் வெளியிலிருந்து எதையும் செலுத்திப் பார்க்க முடியாது. ஆராயும் கருவியும் அதே மோதலில் பிறந்தாக வேண்டும்.

அந்தக் கருவிதான் தாரை. இரண்டு அணுக்கருக்கள் மோதும்போது, எப்போதாவது, ஒன்றின் குவார்க்கோ குளுவோனோ மற்றதன் குவார்க்கையோ குளுவோனையோ நேருக்கு நேர் தாக்கும். தாக்குண்டவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் பெருஞ்சக்தியுடன் தெறிக்கும். அவை தனியே வெளிவர முடியாததால் ஒவ்வொன்றும் ஒரே திசையில் பாயும் துணிக்கைகளின் கொத்தாக மாறிவிடும். இதுவே தாரை. இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையும் மோதிய பரிசோதனைகளில் இதற்கான சான்று 1975இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வுகூடத்தில் கிடைத்தது. 1979இல் ஜேர்மனியின் ஹாம்பேர்க்கில் மூன்று தாரைகள் கொண்ட நிகழ்வுகள் காணப்பட்டன. மூன்றாவது தாரை குளுவோனின் சுவடு. அணுக்கரு மோதலில் இந்தத் தெறிப்பு பிளாஸ்மா உருவாகும் முன்பே நடந்து முடிந்துவிடும். ஆகவே குவார்க் அந்தப் பிளாஸ்மாவை ஊடறுத்தே வெளியே வரவேண்டும். வழியில் அது சக்தியை இழக்கும், இழப்பு மிகுந்தால் தாரை அணைந்தே போகலாம் என்று 1982இல் ஜேம்ஸ் பியோர்க்கன் எழுதினார்.

பியோர்க்கன் கருதியது மோதி மோதி இழக்கும் சக்தியை. பின்னர் 1990களில் மிக்லோஷ் ஜுலாசி, சின்-நியான் வாங் முதலியோர், குவார்க் ஒவ்வொரு தடவை உதைபடும்போதும் குளுவோன்களைக் கதிராக வீசி இழப்பதே பெரும்பங்கு என்று காட்டினர். கதிர்வீசும் துணிக்கைக்கு என்ன நேரும் என்ற வினா யாழ்ப்பாணத்துக்கு அந்நியமானதன்று. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் டிராக்கின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. எலியேசர் இதே வினாவை இலத்திரனைப் பற்றி எழுப்பினார். இலத்திரன் வீசும் கதிர் அந்த இலத்திரனையே திருப்பித் தாக்குவதை விவரிக்கும் சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பொருத்தினால், இலத்திரன் கருவில் விழாமல் விலகி ஓடிவிடும் என்ற எதிர்பாராத முடிவை அவர் 1943இல் வெளியிட்டார். கதிர்வீச்சால் நேரும் இழப்பை எளிய உள்ளுணர்வால் ஊகிக்கக்கூடாது என்ற பாடம் அதில் உண்டு. குளுவோன் கதிர்வீச்சுக்கும் அது பொருந்தும். அடுத்தடுத்த உதைகள் ஒன்றையொன்று பாதிப்பதால், இழப்பை ஒவ்வோர் உதைக்கும் தனித்தனியே கணித்துக் கூட்டிவிட முடியாது.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். புரூக்ஹேவனில் முதல் ஆண்டிலேயே, பொன்னும் பொன்னும் நேராக முட்டிக்கொள்ளும் மோதல்களில், உயர்ந்த உந்தமுள்ள துணிக்கைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தன. பீனிக்ஸ் குழுவின் அந்த முடிவு 2002 ஜனவரியில் அச்சானது. பின்னர் கூடிய சக்தியில் அளந்தபோது, எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வந்தது. ஸ்ரார் குழு வேறொரு கோணத்தில் பார்த்தது. ஒரு பக்கம் உயர்ந்த உந்தமுள்ள துணிக்கை வந்தால் எதிர்ப்பக்கமும் ஒன்று வரவேண்டும். புரோத்தன் மோதலில் வந்தது. பொன் மோதலில் எதிர்ப்பக்கத் துணை காணாமற்போனது. உடனே நியாயமான ஆட்சேபம் எழுந்தது. பொன் அணுக்கருவுக்குள் உள்ள குளுவோன்கள், தனிப் புரோத்தனில் இருப்பதைப் போல் இல்லாமல், நெருக்கத்தால் எண்ணிக்கையிலேயே குறைந்திருக்கலாமே? அப்படியானால் தாரைகள் வழியில் அணையவில்லை; பிறந்ததே குறைவு. இந்த ஆட்சேபத்தைச் சொல்லால் வெல்ல முடியாது. 2003இல் பொன் அணுக்கருவைத் தியூத்திரன் எனும் சிறு கருவுடன் மோதவிட்டார்கள். மோதியது அதே பொன்; ஆனால் விரிந்த சூடான பிளாஸ்மா அங்கே உண்டாகாது. பொன்னே காரணமாயின் இங்கும் குறைய வேண்டும். குறையவில்லை, எதிர்ப்பக்கத் துணையும் தவறாமல் வந்தது. அங்கிருந்த நான்கு பரிசோதனைக் குழுக்களும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தன.

அடுத்த ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. எதிர்பார்த்த எண்ணிக்கை என்கிறீர்களே, அதை யார் எண்ணினார்கள்? இரண்டு ஈயக் கருக்கள் முட்டும்போது உள்ளே எத்தனை தனித்தனி மோதல்கள் நடந்தன என்பதை நேரே எண்ண முடியாது. அணுக்கருவின் பருமனையும் அடர்த்தியையும் வைத்து, கேத்திரகணித மாதிரியொன்றால் கணித்தே அதைப் பெறுகிறார்கள். மாதிரி பிழைத்தால் எதிர்பார்ப்பும் பிழைக்கும். இதற்கும் இயற்கை ஒரு சோதனையைத் தந்திருக்கிறது. போட்டன் எனும் ஒளித்துணிக்கையும் இசட் போசனும் அதே வகையான தாக்குதல்களில் பிறக்கின்றன. ஆனால் வலிய விசைக்கு அவை ஆட்படுவதில்லை. பிளாஸ்மா அவற்றைத் தடுக்காது. கணித்த மோதல் எண்ணிக்கை சரியென்றால் அவை குறையாமல் வரவேண்டும். புரூக்ஹேவனில் போட்டன்களும் சேர்ணில் போட்டன், இசட் இரண்டும் அளக்கப்பட்டன. கணக்கில் கண்ட அளவுக்கே வந்தன. குறைந்தவை குவார்க்கும் குளுவோனும் மட்டுமே. ஆகவே கணக்கில் குறையில்லை. குறை வழியில்தான் நேர்ந்தது.

சேர்ணில் முழுத் தாரையையும் அளக்க முடிந்தது. 2010 நவம்பர் முடிவதற்குள் அட்லஸ் குழு தன் முதல் முடிவை அனுப்பிவிட்டது. 100 ஜி.இ.வி. எனும் கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட தாரை ஒருபுறம் இருக்க, எதிர்ப்புறத் தாரை மெலிந்து, சமனிலை குலைந்த நிகழ்வுகள் நேர்முட்டு மோதல்களில் மிகுந்திருந்தன. ஆனால் ஈய மோதலில் தாரையை அளப்பது புரோத்தன் மோதலில் அளப்பதைப் போன்றதன்று. ஒரு நேர்முட்டு மோதலில் ஆயிரக்கணக்கான துணிக்கைகள் சிதறுகின்றன. தாரை என்று நாம் வரையும் வட்டத்துக்குள், அந்தத் தாரைக்கு உறவே இல்லாதவையும் விழும். அலிஸ் குழு அளந்தபடி, மின்னேற்றமுள்ள துணிக்கைகளின் பின்னணி ஓரலகுப் பரப்புக்கு ஏறத்தாழ 140 ஜி.இ.வி. வழக்கமாகப் பயன்படுத்தும் 0.4 ஆரையுள்ள வட்டத்தின் பரப்பு அரை அலகு. ஆகவே தாரையே இல்லாத இடத்தில் வட்டம் வரைந்தாலும் உள்ளே 70 ஜி.இ.வி. இருக்கும். இந்தச் சராசரியைக் கழித்துவிடலாம். ஆனால் பின்னணி இடத்துக்கிடம் ஏறியிறங்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 11 ஜி.இ.வி. அதைக் கழிக்க வழியில்லை.

இந்த இடத்தில் வந்த விமர்சனம், துறைக்குள்ளிருந்தே வந்தது. தாரையை வரையறுக்க இன்று உலகெங்கும் பயன்படும் விதியை 2008இல் மத்தேயோ காச்சியாரி, கவின் சலாம், கிரெகரி சொயேஸ் மூவரும் வகுத்தார்கள். அதிக உந்தமுள்ள துணிக்கையில் தொடங்கி, குறித்த ஆரைக்குள் உள்ள அயலவற்றைச் சேர்த்துக்கொண்டு போகும் விதி அது. அதே மூவர், அட்லஸ் முடிவு வந்த சில மாதங்களில், பின்னணியின் ஏற்றத்தாழ்வே சமனிலைக் குலைவின் ஒரு பகுதியைப் போலியாகக் காட்டக்கூடும் என்று எச்சரித்தார்கள். கருவியை வடித்தவர்களே கருவியின் மீது ஐயம் எழுப்பியது இந்தத் துறையின் ஆரோக்கியத்துக்கு அடையாளம். விடை மூன்று வழியில் வந்தது. புரோத்தன் மோதலின் தாரைகளை உண்மையான ஈய மோதலின் பின்னணிக்குள் கணினியில் பொதிந்து, பின்னணி மட்டும் எவ்வளவு குலைக்கும் என்று பார்த்தார்கள். கண்ட குலைவு அதைவிடப் பெரிது. தாரையின் சக்தி 200, 300 ஜி.இ.வி. ஆகும்போது 11இன் ஆட்டம் பொருட்டன்று. அங்கும் குறைவு நீடித்தது. மூன்றாவது, என் பார்வையில் தீர்க்கமானது: எதிர்ப்புறத்தில் இன்னொரு தாரையைப் பார்ப்பதை விட்டு, ஒரு போட்டனைப் பார்த்தார்கள்.

போட்டன் எதையும் இழக்காமல் வெளிவருவதால், எதிர்த்திசையில் பாய்ந்த குவார்க் எவ்வளவு சக்தியுடன் பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நிலாவரையில் போட்ட தேசிக்காயின் எடையை இடும்போதே குறித்து வைத்ததற்கு இது சமம். சி.எம்.எஸ். குழு 2011இன் ஈய மோதல்களில் இதை அளந்து 2012இல் வெளியிட்டது. பிளாஸ்மா இல்லாத கணினி மாதிரியில், தாரை தன் துணைப் போட்டனின் உந்தத்தில் சராசரியாக 0.86 பங்கைச் சுமந்தது. நேர்முட்டு ஈய மோதலில் அது 0.73. எதிர்ப்புறத்தில் அளக்கத்தக்க தாரையுள்ள போட்டன்கள் நூற்றுக்கு 69 இருக்க வேண்டிய இடத்தில் 49 மட்டுமே இருந்தன. தாரைகள் சக்தியை இழக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன்.

விளைவு உறுதியானது என்பதனால், அதைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே உறுதியாகிவிடாது. 100 ஜி.இ.வி. அருகே ஈய மோதல்களில் தாரைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது என்று படித்தவர்கள், பாதித் தாரைகளைப் பிளாஸ்மா விழுங்கிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. அது பிழை. தாரைகளின் எண்ணிக்கை சக்தியுடன் மிகச் செங்குத்தாகச் சரிகிறது. சக்தியின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாகச் சரிகிறது என்று வைத்துக் கணக்கிடுங்கள். 115ஆகப் பிறந்த தாரைகள் 100ஆக இளைத்து வந்தாலே, 100 என்ற இடத்தில் காணும் எண்ணிக்கை பாதியாகிவிடும். ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான இழப்பு, எண்ணிக்கையில் பாதியாகப் பெருத்துத் தெரிகிறது. இன்னொன்று: ஓர் எல்லைக்கு மேற்பட்ட தாரைகளை மட்டும் பொறுக்கினால், நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குறைவாக இழந்து தப்பியவை. தப்பியவற்றை மட்டும் விசாரித்துவிட்டு எல்லாத் தாரைகளையும் பற்றிப் பேசக்கூடாது. போட்டனை முன்வைத்து அளப்பது இந்தக் குறையையும் பெருமளவு நீக்குகிறது.

தாரை என்பது இயற்கையில் உள்ள பொருளா, நாம் வரைந்த வட்டமா என்று கேட்பவர்களும் உண்டு. வட்டத்தைப் பெரிதாக்கினால் காணாமற்போன சக்தி அகப்பட்டுவிடாதா? கேள்வியின் முதற்பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்: தாரை நம் வரையறைதான். ஆனால் ஒரே வரையறையைப் புரோத்தன் மோதலுக்கும் ஈய மோதலுக்கும் கோட்பாட்டுக் கணிப்புக்கும் மாற்றாமல் பயன்படுத்துகிறோம். ஒப்பீட்டுக்கு அது போதும். மறுபாதிக்குப் பரிசோதனையே விடை சொன்னது. சி.எம்.எஸ். குழு 2011இல், மெலிந்த பக்கத்தின் சக்தி தாரைக்கு வெகு வெளியே, குறைந்த உந்தமுள்ள பல துணிக்கைகளாகப் பரந்து கிடப்பதைக் கண்டது. ஆக, சக்தி அழியவில்லை, சிதறிவிட்டது. பத்தாண்டு கழித்து அதே குழு ஆரையை 1.0 வரை விரித்து அளந்தபோதும் குறைவு நீங்கவில்லை. இந்த அளவுகளிலிருந்தெல்லாம் பிளாஸ்மாவின் ஓர் இயல்பைப் பிரித்தெடுக்க முடிகிறது: பாயும் குவார்க்கை அது பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை. 2014இல் கோட்பாட்டாளர் குழுவொன்று பல மாதிரிகளை ஒருசேர வைத்துப் பெற்ற பெறுமானம், 10 ஜி.இ.வி. சக்தியுள்ள குவார்க்குக்குப் புரூக்ஹேவன் பிளாஸ்மாவில் 1.2, சேர்ண் பிளாஸ்மாவில் 1.9. அலகு, பெர்மி நீளம் ஒன்றுக்கு ஜி.இ.வி. வர்க்கம். வழு முதலாவதில் 0.3, இரண்டாவதில் 0.7. வழுவின் பருமனைப் பாருங்கள்: இன்னும் செய்யவேண்டியது எவ்வளவு என்பதை அதுவே சொல்லும்.

தீராத கேள்வி ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். புரோத்தனும் ஈயமும் மோதும் சிறு மோதல்களிலும், பிளாஸ்மா பாய்மம்போல ஓடுவதற்கு அடையாளமான கோலங்கள் 2012 முதல் காணப்படுகின்றன. ஆனால் அங்கே தாரைகள் அணைவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. பிளாஸ்மா இருக்கிறதென்றால் தாரை ஏன் இழக்கவில்லை? அங்கே உண்டாகும் பிளாஸ்மாத் துளி மிகச் சிறிது, இழப்பும் சிறிது, நம் கருவிக்கு எட்டவில்லை என்பது ஒரு விடை. புரோத்தன்-ஈய மோதலுக்கும் ஈய-ஈய மோதலுக்கும் நடுவே உள்ள பருமனில் சோதித்தால் தெரியும் என்பதால், 2025 ஜூலையில் சேர்ணில் ஒட்சிசன் கருக்களை மோதவிட்டார்கள். அங்கும் உயர்ந்த உந்தமுள்ள துணிக்கைகள் குறைந்தன என்று முதல் முடிவுகள் சொல்கின்றன. குறைவு ஈயத்தில் கண்டதைவிட மிகச் சிறியது. துளியின் பருமனோடு இழப்பும் வளர்கிறது என்ற எண்ணத்தை இது வலுப்படுத்துகிறது. ஆனால் வழக்கை முடித்துவிடவில்லை.

இதெல்லாம் செல்வந்த நாடுகளின் வேலை, நமக்கென்ன என்ற ஆட்சேபமே கடைசி. அது உண்மைக்கு மாறானது. கொல்கத்தாவின் சைக்ளோத்திரன் நிலையம் முன்னின்று அமைத்த போட்டன் எண்ணும் கருவி, சேர்ணின் பழைய பரிசோதனைகளிலும் புரூக்ஹேவனின் ஸ்ராரிலும் பின்னர் அலிஸிலும் வேலை செய்தது. கொல்கத்தாவின் சாகா நிறுவனம் வடிவமைத்த மானஸ் எனும் மின்னணுச் சில்லு இந்தியாவிலேயே செய்யப்பட்டு அலிஸுக்குப் போனது. சென்னை ஐ.ஐ.டி. சி.எம்.எஸ். குழுவில் ஓர் உறுப்பு. பெருங்கருவி கட்டப் பணம் வேண்டும். ஆனால் அளவீட்டைக் கேள்வி கேட்கப் பணம் வேண்டியதில்லை. 2010, 2011இன் ஈய மோதல் தரவுகளை சி.எம்.எஸ். குழு சேர்ணின் திறந்த தரவுத் தளத்தில் எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டிருக்கிறது. தாரைகளைப் பிரித்தெடுக்கும் ஃபாஸ்ட்ஜெட் மென்பொருளும் இலவசம். உயர்தரப் பௌதிகவியலும் ஓரளவு கணினி நிரலாக்கமும் தெரிந்த நம் மாணவர்கள், ஒரு நல்ல ஆசிரியரின் துணையோடு, இன்று நான் சொன்ன எண்கள் சிலவற்றைத் தாமே சரிபார்க்க முடியும். என் சொல்லை நம்பிப் போகாதீர்கள். தரவை எடுத்து, பின்னணியைக் கழித்து, நீங்களே அளந்து பாருங்கள்.